சாய்ஸ் லாக் பண்ணும் முன் காயில் கடைக்குப் போங்கள்

கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்துவிட்டது. அரியர் இல்லாமல் இ.இ.இ. (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) முடித்தாச்சு, ஓசூரில் டிரெய்னி வேலையும் கிடைத்துவிட்டது. காவேரிப்பட்டணம் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது போன் மேல் போன்: "அக்கா, இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் எந்த பிராஞ்ச் எடுக்கலாம்?"

கட்-ஆஃப், 7.5 சதவீத ஒதுக்கீடு, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்வது ஒன்றுதான். எந்தப் படிப்பை எடுக்கப் போகிறீர்களோ, அதை வைத்துப் பிழைக்கிற ஓர் இடத்தில் சில நாள் போய் உட்காருங்கள்.

பிளஸ் டூ முடித்த கோடையில் எங்கள் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. காயில் கட்டும் கடையில் பிரித்ததும் வார்னிஷ் கருகிய நாற்றம். இரண்டு பேஸ் காயில் கரி, மூன்றாவது மட்டும் புதுசு மாதிரி. "ஒரு பேஸ் போயிருக்கும்மா. ஓடிட்டிருந்த மோட்டார் உடனே நிக்காது. மிச்ச ரெண்டுலயும் ஆம்ப்ஸ் ஏறி வெந்துடும்" என்றார் கடைக்கார அண்ணன். அப்புறம் கவுன்சலிங் வரை அந்தக் கடையே கதி என்று கிடந்தேன். தாய்மாமாவோ, "பொம்பளைப் பிள்ளைக்கு கம்ப்யூட்டர்தான், ஏ.சி. ரூம்ல உக்காரலாம்" என்றார். இன்னமும் அதையேதான் சொல்கிறார்.

இன்டர்வியூவில் என்னை முதலில் கேட்டது: ஓடுகிற த்ரீ பேஸ் மோட்டாரில் ஒரு பேஸ் போனால்? எனக்கு முன்னால் போனவர் "நின்றுவிடும்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். நான் அந்தக் கரிக் காயிலைச் சொன்னேன். காயில்களை இணைத்திருந்த முறை ஸ்டாரா, டெல்டாவா என்று பேச்சு நீண்டது. மார்க் ஷீட்டை யாரும் புரட்டவே இல்லை.

மற்றவை:

- சாய்ஸ் லிஸ்டில் பிராஞ்சுக்குத்தான் முதலிடம், கல்லூரி அப்புறம். 'அக்செப்ட் அண்ட் அப்வர்ட்' (கிடைத்ததை ஏற்றுக்கொண்டு, அதைவிட மேலானதற்குக் காத்திருப்பது) கொடுத்தால் கிடைத்த இடத்துக்கு மேலே எழுதியதற்குத்தான் வாய்ப்பு. பர்கூர் அரசுக் கல்லூரியா, செட்டிக்கரை அரசுக் கல்லூரியா என்ற சண்டையை பிராஞ்ச் முடிவான பிறகு வீட்டில் போடுங்கள்.
- அண்ணா பல்கலை சிலபஸ் இணையத்திலேயே இருக்கிறது. முதல் வருடம் எல்லா பிராஞ்சுக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். மூன்றாம் வருடப் பேப்பர்களைப் பாருங்கள்.
- போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள் என்பதற்காக மட்டும் இ.இ.இ. வேண்டாம். அதன் மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலருக்குள் இருப்பது பவர் எலக்ட்ரானிக்ஸ். கணக்கு பிடிக்காதவர்களுக்கு நரகம்.

கையில் கிரீஸ் பட்டால் முகம் சுளிப்பவர்களுக்கு என் யோசனை ஒத்துவராது. கோடிங் பிடித்தால் தாராளமாக கம்ப்யூட்டர் எடுங்கள்.

ஃபுட் டெக்னாலஜி யோசிப்பவர்கள் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மாங்கூழ் ஆலைகள் சீசனில்தான் முழுவீச்சில் ஓடும். கவுன்சலிங் முடிந்து போனால் பூட்டுதான் தொங்கும்.