வேளாங்கண்ணிக்கு இந்த தடவ எதுவும் கேக்க போகல

போன மாசம் அம்மாவ கூட்டிட்டு வேளாங்கண்ணி போயிட்டு வந்தேன். திருவிழா டைம் இல்ல, ஆகஸ்ட் 29 கொடியேத்தத்துலேர்ந்து செப்டம்பர் 8 வரைக்கும் காவி கட்டிட்டு நடந்தே வர்ற கூட்டத்துல அம்மாவால இப்ப நிக்க முடியாது, அதனால நவம்பர்ல சாதாரண நாளா பாத்து போனோம்.

உண்மைய சொல்றேன், எனக்கு போக மனசே இல்ல. மூணு வருஷம் முன்னாடி அப்பாவுக்கு கிட்னி ரெண்டும் போயி டயாலிசிஸ்ல இருந்தப்ப இதே மாதாகிட்ட வந்துதான் அழுதோம், கடையில உடம்பு உருவம் போட்ட தகடு வாங்கி காணிக்க வச்சோம், மாதா குளத்துக்கு போற மணல் பாதையில நான் முழங்கால்லயே போனேன், ரெண்டு முட்டியும் தோல் உரிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் 14 மாசம் இருந்தாரு, போயிட்டாரு. அம்மா "நன்றி சொல்லணும், ஒரு தடவ கூட்டிட்டு போடா"ன்னு ஆரம்பிச்சப்ப எதுக்கும்மா நன்றி, நாம கேட்டது கிடைக்கலையேன்னு கோவமாவே கேட்டுட்டேன். அம்மா கோவப்படல. பாப்பா ஞானஸ்நானத்துக்கு அப்பா தான தூக்கிட்டு நின்னாரு, கடைசி கிறிஸ்துமஸுக்கு எல்லாருக்கும் அவர் கையாலதான கேக் வெட்டி குடுத்தாரு, டாக்டர் நாலு மாசம்னுதான சொன்னாரு, அப்டின்னு ஒண்ணொண்ணா சொல்லிட்டே வெங்காயம் உரிச்சிட்டு இருந்தாங்க.

வேளாங்கண்ணியே ஒரு நன்றியில வளந்த கோயில்தான். புயல்ல மாட்டின போர்ச்சுகீசிய மாலுமிங்க கரைக்கு போய் சேந்தா மாதாவுக்கு கோயில் கட்டுறோம்னு வேண்டிக்கிட்டாங்களாம், தப்பிச்சு இந்த கரையில வந்து ஒதுங்கினது செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள், அங்க இருந்த கூரை கோயில அவங்கதான் கல்லுக்கட்டடமா கட்டினாங்கன்னு பரம்பரையா சொல்லுவாங்க. அப்புறமும் வந்து போனப்ப கொண்டாந்த பீங்கான் தட்டுங்க பீடத்துல பதிச்சிருக்கு. 1962ல பசிலிக்கா ஆச்சு. காணிக்கை மியூசியத்துல வெள்ளியில, தங்கத்துல கை, கால், கண், தொட்டில்னு அடுக்கி வச்சு பக்கத்துலயே நன்றி லெட்டரும் இருக்கும். அத பாத்ததும் எனக்கு நெஞ்சு அடச்சிருச்சு, இவங்க எல்லாருக்கும் கிடைச்சிருக்கே, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லன்னு.

வெளிய வந்து மணல்ல உக்காந்து பைபிள்ல லூக்கா 17 எடுத்து படிச்சேன். இயேசு சுகமாக்கின பத்து தொழுநோயாளிங்கள்ல ஒருத்தன், அதுவும் யூதங்க ஒதுக்கி வச்ச ஒரு சமாரியன், மட்டும்தான் திரும்பி வந்து கால்ல விழுறான். சின்ன வயசுல மறைக்கல்வியில அந்த ஒன்பது பேர திட்டியே பழக்கம். ஆனா நன்றி சொல்லலன்னு இயேசு அவங்க சுகத்த திரும்ப புடுங்கிக்கலயே! அப்ப நன்றிங்கிறது வாங்கினதுக்கு கட்டுற கடன் இல்லன்னு அன்னிக்குதான் எனக்கு பட்டுச்சு, அது திரும்பி அவர்கிட்ட போறது. நானும் நேர்ச்சைய ஒரு பேரம் மாதிரியே வச்சிருந்தேன், நான் முழங்கால்ல வர்றேன் நீங்க அப்பாவ குடுங்கன்னு. இயேசு பாருங்க, அவர் உயிரோட எழுப்பப்போற லாசர் இன்னும் கல்லறைக்குள்ள கிடக்கிறப்பவே தந்தைக்கு நன்றி சொல்றாரு (யோவான் 11). புடிச்சு குடுக்கப்போறாங்கன்னு தெரிஞ்ச அந்த ராத்திரியும் அப்பத்த எடுத்து நன்றி சொல்லித்தான் பிட்டாரு. திருப்பலிக்கு இங்கிலீஷ்காரங்க சொல்ற யூக்கரிஸ்ட்ங்கிற பேரே கிரேக்கத்துல நன்றி செலுத்துறதுதான்னு எங்க பழைய பங்குசாமி ஒரு தடவ பிரசங்கத்துல சொன்னாரு, அப்ப காதுல விழுந்ததோட சரி.

அம்மா இந்த தடவ தகடு வாங்கல, ஒரு மெழுகுவர்த்தி மட்டும் வாங்கினாங்க, கொளுத்தி வச்சிட்டு ரொம்ப நேரம் வாய்க்குள்ளயே பேசிட்டு இருந்தாங்க. என்னம்மா கேட்டீங்கன்னு கேட்டேன், ஒண்ணும் கேக்கலடா, பாப்பா ஸ்கூலுக்கு போறத அப்பாகிட்ட சொல்ல சொன்னேன்னாங்க.

சாயங்காலம் பூசை. அப்பா அடக்க பூசையிலேர்ந்து ஒரு எடத்துல மட்டும் நான் வாய தொறக்கறதே இல்ல, சாமியார் "நம் இறைவனாகிய ஆண்டவருக்கு நன்றி கூறுவோம்"னு சொல்ற எடம். அன்னிக்கு அம்மா பக்கத்துல நின்னு "அது தகுதியும் நீதியுமானதே"ன்னு சத்தமா சொன்னாங்க, நானும் கூடவே சொன்னேன். குரல் பாதியில உடைஞ்சிருச்சு, ஆனா முழுசா சொல்லிட்டேன்.