தரங்கம்பாடியை மேசைமேல் கட்டுவது: கோட்டை நின்றது, கடலும் வந்தது

டேனிஷ்காரர்கள் ஆண்ட கடற்கரை ஊர் தரங்கம்பாடியை மாடலாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். போன முறை எழுதியபோது வெறும் ப்ளைவுட் பலகையும் பென்சில் கோடுகளும்தான் இருந்தன. இப்போது அவர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை நிற்கிறது, நகர வாசல் நிற்கிறது, ராஜா வீதி ஒரு பக்கம் பாதி வரை எழும்பிவிட்டது, கடலும் வந்துவிட்டது. கடலுக்குத்தான் ரொம்ப மெனக்கெட்டேன் என்பதால் அதைப் பற்றித்தான் நிறைய எழுதப் போகிறேன், கோட்டை ஆட்கள் பொறுத்துக்கொள்ளவும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: அளவு 1:500. நகர வாசலிலிருந்து கடல் வரை ராஜா வீதி சுமார் அரைக் கிலோமீட்டர், அது மேசையில் ஒரு மீட்டர் ஆகிவிடும். எங்கள் வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) கிடக்கிற பழைய தேக்கு மேசைக்கு அதுதான் கணக்கு.

செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு டேனிஷ்காரன் ஊரை எதற்குக் கட்டுகிறாய் என்று கேட்காத ஆளே இல்லை. அப்பத்தா நேரடியாகவே கேட்டார்கள். "ஏண்டா, நம்ம ஊரைக் கடல் கொண்டு போய்த்தான் இங்க வந்தோம்னு சொல்லுவாங்க. அந்தக் காவிரிப்பூம்பட்டினத்தைப் பண்ணாம வெள்ளைக்காரன் கோட்டையைப் பண்ணுறியே?" நியாயமான கேள்விதான். பூம்புகார் தரங்கம்பாடிக்கு வடக்கே இருபது கிலோமீட்டர் சுமாருக்குத்தான். ஆனால் அங்கே தோண்டி எடுத்தது கீழையூரில் ஒரு செங்கல் படகுத்துறை, பல்லவனேஸ்வரத்தில் புத்த விகாரம் என்று தனித்தனித் துண்டுகள், அவற்றை வைத்து தெரு போட முடியாது. தரங்கம்பாடியில் தெருக்கள் பெரும்பாலும் போட்ட இடத்திலேயே இருக்கின்றன, வரைபடமும் இருக்கிறது. அப்பத்தா கேட்டுவிட்டு, "சரி, அதையும் ஒருநாள் கடல் கொண்டு போகாம இருக்கணும்" என்று எழுந்து போய்விட்டார்கள். அந்த ஒரு வாக்கியம்தான் இந்த மாடலின் திட்டத்தையே மாற்றியது.

எப்படி என்றால், நான் அடிப்படையாக வைத்தது 1733-ல் ட்ரெல்லுண்ட் என்ற டேனிஷ்காரர் வரைந்த நகர வரைபடம். அதை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். பொருத்த நாலு புள்ளி எடுத்தேன்: கோட்டை, 1701-ல் வந்த சீயோன் ஆலயம், 1718-ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் காலத்தில் கட்டிய புதிய ஜெருசலேம் ஆலயம், நகர வாசல் இருக்கும் இடம். (வாசல் கட்டடம் 1790களில் திரும்பக் கட்டியது, இடம் பழையதுதான்.) நாலும் உட்கார்ந்தன, தெருக்களும் ஏறக்குறைய உட்கார்ந்தன. கிழக்குப் பக்கம் மட்டும் உட்காரவே இல்லை. வரைபடத்தில் கடல் பக்க மதில் இருக்கிற இடத்தில் இன்று தண்ணீர். கரையில் நின்றால் அலைக்குள் கிடக்கிற செங்கல் கட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பக்கம் கடலோடு போனது ஊரறிந்த கதை.

அப்போ எந்த வருஷத்துத் தரங்கம்பாடியைக் கட்டுவது? ஒரு வருஷத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். ஆகவே ஊர் ஒன்று, கரை இரண்டு. கிழக்கு ஓரம் கழட்டி மாட்டுகிற மாதிரி, ஒன்று 1733, ஒன்று இன்றையது. 1733-க்குப் பிறகு வந்த கட்டடங்களுக்கு, உதாரணமாக ஆளுநர் பங்களாவுக்கு, அடியில் சின்ன ஆணி வைத்துவிட்டேன். பழைய கரையை மாட்டும்போது அவற்றைப் பிடுங்கி ஒரு கொட்டானில் (ஓலைக் கூடையில்) போட்டுவிடலாம்.

கோட்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு டேனிஷ் கடற்படைத் தலைவர் ஓவ கியெட்டெ ஒப்பந்தம் போட்டு ஆரம்பித்த கட்டடம், நாயக்கர் தங்க ஓலையில் எழுதிய கடிதம் இன்னும் கோபன்ஹேகனில் இருக்கிறது. நாலு மூலையிலும் கொத்தளம், கடலைப் பார்த்த பிரதானக் கட்டடம், கீழே வளைவுக் கூரை போட்ட கிடங்கு அறைகள், மேலே ஆளுநர். அப்புறம் ஆளுநர் எதிரே பங்களாவுக்குப் போய்விட்டார். இருபதாம் நூற்றாண்டில் ரொம்ப நாள் இதே கோட்டை பயணியர் விடுதியாக இருந்தது, 1970களின் கடைசியில்தான் தொல்லியல் துறை எடுத்துக்கொண்டு அருங்காட்சியகம் வைத்தது. கோட்டைக்குள் ரூம் போட்டுத் தங்கியவர்கள் யாராவது இன்னும் இருப்பார்கள், அவர்கள் மேல் எனக்குப் பொறாமை.

சுவருக்கு மவுண்ட் போர்டு என்கிற கெட்டி அட்டை. சன்போர்டு என்கிற நுரைப் பலகை வெட்ட சுகம், ஆனால் அதில் சுண்ணாம்பு பிடிக்காது, காய்ந்ததும் செதில் செதிலாக வந்துவிடும். மவுண்ட் போர்டில் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை ஒரு கோட்டிங் அடித்து, ஈரம் அடங்கும் முன் மெல்லிய மணலைத் தூவிவிட்டால் சுண்ணாம்பு கவ்விக்கொள்கிறது. பெயிண்ட் அடித்தால் போதாதா என்றால் போதும்தான். ஆனால் அந்த ஊர்ச் சுவரும் எங்கள் ஊர்ச் சுவரும் ஒரே சரக்கு, செங்கல்லும் சுண்ணாம்பும், மேலே மெட்ராஸ் டெரஸ் கூரை, அதாவது மர உத்தரத்தின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது. அதில் அக்ரிலிக் அடிக்க மனசு வரவில்லை. தெரிந்த கொத்தனாரிடம் நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு கொஞ்சம் வாங்கி, துணியில் வடிகட்டி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, பிரஷ்ஷால் இழுத்து, பாதி காய்ந்ததும் ஸ்பூன் முதுகால் தேய்த்தேன். மினுக்கம் வந்தது. வீட்டில் நாற்றமும் வந்தது, இரண்டு நாளில் போய்விடும், சொல்லி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

தூண்களுக்கு விளக்குமாற்று ஈர்க்குச்சி. இந்த அளவில் அது சரியான கனம், அடியில் பருத்து மேலே சிறுக்கிற வாகும் அதிலேயே இருக்கிறது. பங்களா வராண்டாவில் வரிசையாக நட்டபோது பார்த்தவர் ஒருவர், "இது நம்ம கானாடுகாத்தான் வீடு மாதிரியே இருக்கே" என்றார். ஆனால் காலக் கணக்கில் எங்கள் பெரிய வீடுகள் ரொம்பப் பின்னால். 1845-ல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். கொஞ்ச காலம் கலெக்டர் அங்கே இருந்தார், 1860-ல் அதுவும் போனது, அடுத்த வருஷம் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்து சரக்கெல்லாம் அந்தப் பக்கம் திரும்பியது. இங்கே பர்மாத் தேக்கு இறங்கி வீடுகள் எழும்பியது அதற்குப் பின்னால்தான். அந்த ஊர் காலியாகக் காலியாக இந்த ஊர் கட்டப்பட்டிருக்கிறது. இப்போது இரண்டும் ஒரே நிலைமைதான், பூட்டிய வீடும், ஹெரிடேஜ் ஓட்டலும்.

சரி, கடல். ரெசின் ஊற்றலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ரெசின் கடல் எனக்குப் பிடிக்காது, எந்த ஊருக்கு ஊற்றினாலும் மாலத்தீவு ஆகிவிடும். எங்கள் பக்கத்து ஆத்தங்குடியில் கையால் ஊற்றுகிற சிமெண்ட் தரைக்கல் இருக்க ரெசின் எதற்கு? அங்கே ஒரு பட்டறையில் கேட்டேன். கரையோர வளைவுக்குத் தகடு அச்சு நானே வளைத்துக்கொண்டு வந்தால் ஊற்றித் தருகிறேன் என்றார் அங்கே இருந்தவர்.

வேலை எப்படி என்றால், கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் டிசைன் அச்சு, அச்சின் அறைகளுக்குள் ஆக்சைடு கலந்த சிமெண்ட் கரைசலைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் மேலே உலர்ந்த சிமெண்ட்டும் மணலும் தூவி, அப்புறம் ஈரக் கலவையைப் போட்டு அழுத்தி மட்டம் பார்ப்பார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டி, வெயில், கண்ணாடி தானாக விட்டுவிடும். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம்தான் முகம். ஆகவே கரையைக் கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பி வளைக்க வேண்டும், இல்லாவிட்டால் கோட்டை வடக்கே போய்விடும். வரைபடத்தை டிரேசிங் பேப்பரில் எடுத்து, தாளைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் தகட்டை வளைத்தேன். நிலத்துக்கு மணல் மஞ்சள், கடலுக்குப் பச்சையோடு ஒரு சிட்டிகை கறுப்பு, ஏனென்றால் சோழமண்டலக் கரையில் கடல் நீலமாக இருப்பது காலண்டரில்தான். அலை நுரைக்கு அச்சு போடவில்லை. "அண்ணே, அதை நீங்களே ஊத்துங்க, எங்க கை பழகின கை, பூவா வந்துரும்" என்றார் அவர். வெள்ளைக் கரைசலைக் கரண்டி நுனியால் இழுத்துவிட்டேன். ஒரு கரைக்கு நாலு கல், இரண்டு கரைக்கு எட்டு. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்ததும் ஈரக் கடல் வந்துவிட்டது. கனம்தான் கொடுமை, கல்லின் தடிமனுக்கு ஊரையே ப்ளைவுட் வைத்துத் தூக்க வேண்டியிருந்தது.

இன்றைய கரைக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: 2004 சுனாமிக்குப் பின் போன எவரும் பார்த்திருக்கும் கருங்கல் குவியல். ஜல்லித் தூசியைச் சலித்து, மிஞ்சிய பொடிக்கல்லை ஒட்டினேன். ஓசோன் நிறைந்த கடற்கரை என்று சுற்றுலாக்காரர்கள் சொல்வதை மாடலில் காட்ட வழியில்லை, தரைமட்டத்து ஓசோன் நுரையீரலுக்கு ஆகாது என்பதால் வருத்தமும் இல்லை.

அடுத்து மாசிலாமணிநாதர் கோயில், அது இரண்டு துண்டாக வரும், முன் துண்டு பழைய கரையோடு ஒட்டியிருக்கும். பிறகு ஜெருசலேம் ஆலய முகப்பில் டேனிஷ் அரசர் நாலாம் ஃபிரெடரிக்கின் கிரீட முத்திரை. 1:500-ல் அது கடுகைவிடச் சின்னது, பித்தளைத் தகட்டில் வெட்டுகிற ஆள் காரைக்குடியில் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.