லெஸ்டருக்கு ஒரு டிக்கெட்: எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு

பிரிட்டிஷ் பாப் பாடகர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் 1936இல் மதராஸில் பிறந்தவர். இயற்பெயர் அர்னால்ட் ஜார்ஜ் டோர்சி, அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தார். பத்து வயதுவாக்கில் குடும்பம் இங்கிலாந்தின் லெஸ்டருக்குக் குடிபெயர்ந்தது. ஒரு ஜெர்மன் இசையமைப்பாளரின் பெயரை எடுத்து இவருக்குச் சூட்டிய மேனேஜர் கோர்டன் மில்ஸும் மதராஸில் பிறந்தவர்தான். சென்னையில் இதை யாரும் பெரிதாகப் பேசிக் கேட்டதில்லை.

1967இல் இவர் பாடிய 'ரிலீஸ் மீ' ஆறு வாரம் பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தது. பீட்டில்ஸின் 'பென்னி லேன்' இரண்டாம் இடத்தோடு நின்றுபோனது அதனால்தான். இத்தனைக்கும் 'ரிலீஸ் மீ' பழைய அமெரிக்க கன்ட்ரி பாட்டு. ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷனில் 2012இல் 26 பேரில் 25ஆவதாக வந்தார். அதற்குப் பிறகும் மேடையை விடவில்லை. எண்பதைத் தாண்டியும் ஊர் ஊராகப் பாடினார்.

அவரே பாடினாலும் சரி, அவர் பாட்டுகளை வைத்து வேறொருவர் நடத்தும் அஞ்சலிக் கச்சேரியானாலும் சரி, லண்டனைவிட லெஸ்டரின் டி மாண்ட்ஃபோர்ட் ஹால்தான் என் தேர்வு. 1913இல் கட்டிய அரங்கம். உள்ளூர்க் கூட்டம் வரிக்கு வரி கூடப் பாடும்.

லண்டன் செயின்ட் பாங்க்ரஸிலிருந்து ரயிலில் ஒன்றே கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். கோர்பி போகும் ரயிலில் ஏறிவிடாதீர்கள். அது லெஸ்டர் பக்கமே வராது, கெட்டரிங்கில் இறங்கி மாற வேண்டியிருக்கும். முன்பதிவில் மலிவாகக் கிடைக்கும் டிக்கெட் குறிப்பிட்ட அந்த ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். கச்சேரி நீண்டுவிட்டால் அந்தப் பணம் போச்சு. அதனால் திரும்பி வர மட்டும் நேரக் கட்டுப்பாடு இல்லாத டிக்கெட்டாக எடுங்கள். ஞாயிறுகளில் தண்டவாள வேலை நடந்து பாதி வழிக்குப் பேருந்தில் ஏற்றுவதும் உண்டு. ஸ்டேஷனிலிருந்து லண்டன் ரோட்டில் மேடேறி, கிரான்வில் ரோட்டில் வலப்பக்கம் திரும்பினால் அரங்கம். கால் மணி நேர நடை.

இடம் பிடிப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முதல் மூன்று வரிசைக்குக் காசு கொட்டினால் முகம் தெரியும், குரல் சரியாகக் கேட்காது. ஸ்பீக்கர்கள் இருபுறமும் உங்களைத் தாண்டி ஒலிக்க, டிரம்ஸ் மட்டும் நேராகக் காதில் அறையும். பால்கனிக்கு அடியில் பின்வரிசையில் உட்கார்ந்தால் வயலின்களின் மேல் ஒலி மங்கிவிடும். ஒலிக்கலவை மேசைக்குச் சற்று முன்னால், நடுவில் எடுங்கள். ஒலிப்பொறியாளர் கேட்பதுதான் உங்களுக்கும் கேட்கும்.

வயதான பாடகருக்காகப் பாட்டின் சுருதியை இறக்குவார்கள். பெரும்பாலும் அரைச் சுருதி இறக்கினாலே போதும். ஆனால் டிரம்பெட்டுக்கு எழுதும் ஸ்வரம் கேட்பதைவிட ஒரு முழுச் சுருதி மேலே இருக்கும். அதனால் பி ஃப்ளாட்டில் இருந்த பாட்டை ஏ-க்கு இறக்கினால் டிரம்பெட்காரர் ஐந்து ஷார்ப் உள்ள பி மேஜரில் வாசிக்க வேண்டும், விரல் தடுமாறும். முழுச் சுருதி இறக்கி ஏ ஃப்ளாட்டில் வைத்தால் அவருக்கு இரண்டே ஃப்ளாட். அதனால் பல குழுக்கள் பாடகருக்குத் தேவைப்படுவதைவிடக் கூடுதலாகவே இறக்கிவிடும். அப்போது கீழ் ஸ்வரங்கள் தொண்டையிலேயே முனகலாக நின்றுவிடும். அதைச் சமாளிக்கப் பாடகர் மைக்கை உதட்டருகே கொண்டுபோவார், கிட்டே போகப் போக மைக் அடித்தொனியைக் கூட்டிக் கொடுக்கும். காதோடு பேசுவதுபோல மென்மையாகப் பாடும் க்ரூனர் பாணியே மைக் வந்த பிறகு பிறந்ததுதானே. இழுத்துப் பிடிக்கும் கடைசி ஸ்வரத்தில் பின்பாட்டுக்காரர்கள் எப்போது சேருகிறார்கள் என்று கவனியுங்கள். நல்ல குழு என்றால் சேர்ந்ததே தெரியாது.

கச்சேரிகள் ஏழரை வாக்கில் தொடங்கி, இடைவேளையோடு பத்து தாண்டி முடியும். பிறகு ஓடிப் பிடிக்கக் கூடிய லண்டன் ரயில் அதிகம் இருக்காது, லெஸ்டரில் தங்குவதே மேல். மறுநாள் பசித்தால் பெல்கிரேவ் ரோட்டுக்குப் போங்கள். குஜராத்திக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, சைவம் தாராளம்.