சோளகத்தில் போன மணல்

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரை மெலிந்து, ரயில் பாதையோரக் கருங்கல்லில் அலை வந்து அடிக்கும். "கடல் தின்னுது, இன்னும் கல்லுப் போடுங்கோ" என்பார்கள் எங்கள் லேனில். எனக்கு அதில் உடன்பாடில்லை.

போன மணலில் பெரும்பகுதி தூரம் போவதில்லை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று எழுப்பும் அலைகள் கரையைச் சுரண்டி, சற்று ஆழத்தில் திட்டாகப் போடுகின்றன. பெரிய அலைகள் பிறகு அந்தத் திட்டிலேயே உடைகின்றன. போன மணல்தான் கரைக்குக் காவல்! மார்கழியில் வாடை என்ற வடகிழக்குக் காற்று தொடங்கினால் மேற்குக் கரை காற்று மறைவில் இருக்கும். தணிந்த, நீண்ட அலைகள் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளும். மாசியில் வந்து பாருங்கள், பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுவார்கள்.

மீதி மணல் வடக்கே நகரும். அலை சாய்வாக ஏறி நேராக இறங்குவதால் ஒவ்வொரு முறையும் மணல் ஓர் எட்டு வடக்கே போகிறது. வெளிக்கடல் நீரோட்டம் வேறு கணக்கு. தீவுக்குத் தெற்கே அது சோளகத்தில் கிழக்காகவும் வாடையில் மேற்காகவும் ஓடும். மெல்லிய சேறு நாள்கணக்கில் மிதந்து நீரோட்டத்தின் போக்கில் போகும். மணலோ கனம், அலை உடையும் இடத்தை ஒட்டியே உருளும். மழைக்காலத்தில் முகத்துவாரத்தில் கடல் செம்மண் நிறமாகக் கிடப்பதைப் பார்த்து, களனி கங்கை கரைக்கு நிறைய மண் கொடுக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. கரை கேட்பது மணலை.

1875இல் அடிக்கல் நாட்டி 1885இல் முடித்த கொழும்புத் துறைமுக அலைதடுப்பு அந்த வடக்கு நகர்வுக்குக் குறுக்கே நிற்கிறது. அதற்கப்பால் உஸ்வெட்டகெய்யாவ, நீர்கொழும்புப் பக்கக் கரைகள் களனி தரும் மணலை நம்பியவை. அந்த மணலைத்தான் வீடு கட்டவென்று எத்தனையோ வருடமாக ஆற்றிலேயே அள்ளிவிட்டோம். அப்புறம் மாசி வந்தும் கரை எப்படி நிரம்பும்? கல் போட்டால் போட்ட இடம் தப்பும், அரிப்பு வடக்கே அடுத்த ஊருக்குப் போகும்.

கடலரிப்பு என்றாலே முதலில் ஆற்றைப் பேசுங்கள் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான். இது கரையோரத்தாரின் பிரச்சினை மட்டுமா? மணல் அள்ளி ஆற்றின் அடித்தளம் தாழ்ந்துவிட்டது. வறட்சியில் கடல்நீர் அம்பத்தலையை நோக்கி ஏறுகிறது, கொழும்பின் குடிநீரை எடுப்பதும் அங்கேதான்.