எங்கட வளவுக்க நிண்டது என்ன பனை?

யாழ்ப்பாணத்தில வலி வடக்கில (வலிகாமம் வடக்கு) எங்கட காணி 90ல சண்டைக்க விட்டிட்டு ஓடினது, ஆமி திருப்பித் தந்தாப்பிறகு துப்புரவாக்கப் போனா பத்தைக்குள்ள வடலியளுக்கு மேலால ஒரு பெரிய மரம் நிக்குது, ஓலை ஒவ்வொண்டும் பனையோலையை விட எவ்வளவோ பெரிசு, உச்சியில வெள்ளையா கோபுரம் மாதிரிப் பூ. எங்கட பனையில பாளை ஓலைக்கு இடையால தானே வரும். அக்கம்பக்கத்தில கேட்டும் ஒருத்தருக்கும் பேர் தெரியேல்ல.

எனக்கு உடன மடகஸ்கார் தீவில இருக்கிற தஹினா எண்ட பனை தான் ஞாபகம் வந்தது. அங்க முந்திரித் தோட்டம் நடத்தின சேவியர் மெட்ஸ் எண்டவர் குடும்பத்தோட நடந்து போகேக்க கண்ட மரம், படத்தை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்து பனை ஆராய்ச்சியாளர் ஜோன் ட்ரான்ஸ்ஃபீல்ட் பாத்து, பிறகு மாதிரி எடுத்து ஆராஞ்சு 2008ல புதுப் பேரினம் எண்டே அறிவிச்சினம். 18 மீற்றர் உயரம், 5 மீற்றர் அகல ஓலை, அப்ப கண்டது நூறு மரம் கூட இல்லை. அப்பிடி ஒண்டு எங்கட வளவுக்கயோ எண்டு ராவெல்லாம் நித்திரை இல்லை.

தாவரவியல் படிப்பிக்கிற ஒண்டுவிட்ட அண்ணாவுக்குப் படம் அனுப்பினன். "படம் மட்டும் காணாது தம்பி, ஓலை வேணும், பூ வேணும்" எண்டார். ஓலையை முழுசா அனுப்பேலாது, அதால மட்டையோட சேர்ற அடி, நடு, நுனி எண்டு மூண்டு துண்டு வெட்டி பேப்பருக்க வைச்சு பாரம் ஏத்தோணும், முழு ஓலையின்ர அளவை வெட்ட முதலே எழுதோணும். பேப்பரை நாளாந்தம் மாத்தோணும், நான் ரண்டு நாள் விட்டதில முதல் துண்டுகள் பூஞ்சணம் பிடிச்சு திரும்ப வெட்டினது. விழுந்த பூவைப் பொறுக்கி ஸ்பிரிட்டுக்க போட்டன். உயரம் மரத்தின்ர நிழலையும் தடியின்ர நிழலையும் அளந்து கணக்குப் பாத்தது.

பதில் வந்தது, தாளிப்பனை. புதுசில்லை, இலங்கையிலயும் தென்னிந்தியாவிலயும் உள்ளது தான். உச்சியில பூக்கிறதும் மட்டை விளிம்பில இருக்கிற கறுத்தப் பல்லும் காட்டிக் குடுத்திட்டுது. 30ல இருந்து 80 வருசத்துக்க ஒருக்காப் பூக்கும், காய்ச்சு முடிய மரம் செத்துப்போம், தஹினாவும் அப்பிடித்தான்.

அப்பம்மாவுக்குச் சொல்ல அவ கொஞ்ச நேரம் கதைக்கேல்ல. "அது கொப்பப்பா கண்டியில வேலை செய்யேக்க கொண்டந்து தாட்ட கொட்டையடா." அப்பப்பா இடம்பெயர்ந்த இடத்திலயே மோசம் போனவர், மரம் நாங்கள் இல்லாத அவ்வளவு காலமும் தனிய நிண்டு வளர்ந்திருக்கு.

மடகஸ்காரில தஹினாக் கொட்டையளை வித்து அந்த ஊராக்களுக்கே காசு சேத்தவை. நான் விக்கமாட்டன், சொந்தக்காரருக்கெல்லாம் ஒவ்வொண்டு குடுக்கோணும். காய் முத்த ஒரு வருசம் கிட்ட எடுக்குமாம், அதுவரைக்கும் வீட்டு அத்திவாரத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறம்.