51 பைட்டுகள்: கோபோல் நிரலை வெப் சர்வீஸாக்கிய அனுபவம்

கோபோல் என்ற பழைய வணிக நிரல் மொழியில் ஐபிஎம் மெயின்ஃபிரேமுக்காக (நிறுவனங்களின் பெரிய கணினி) எழுதிய சப்ரூட்டீன் ஒன்றை எச்டிடிபி வழியாக அழைக்க வேண்டும். கையில் இருப்பதோ லினக்ஸ் லேப்டாப். இதற்குக் குனுகோபோல் என்ற இலவசக் கோபோல் கம்பைலரும் பைத்தானும் போதும். நாங்கள் அமைத்த முறையையும் இடறும் இடங்களையும் இங்கே எழுதுகிறோம். வெப் பக்கத்து வேலை சுலபம். வெப்பில் தரவு வரும் ஜேசன் வடிவத்துக்கும், புலங்களை வரிசையாக அடுக்கிய கோபோல் ரெக்கார்டுக்கும் நடுவில் உள்ள சில பைட்டுகள்தான் உழைப்பை வாங்குபவை.

டெபியன், உபுண்டுவில் வெறும் 'குனுகோபோல்' பொதியைக் கேட்டால் இன்னும் முழுமை பெறாத 4-ஆம் பதிப்பு வந்து இறங்கக்கூடும். பெயரோடு 3 என்ற எண்ணையும் சேர்த்துக் கேட்டு நிலையான 3-ஆம் வரிசையை நிறுவுங்கள். இந்தக் கம்பைலர் கோபோலை சி மொழியாக மாற்றி, ஜிசிசியிடம் கொடுக்கிறது. அதனால் மைனஸ் எம் என்ற விருப்பத்தோடு கம்பைல் செய்தால் கிடைப்பது, பிற நிரல்கள் ஏற்றிக்கொள்ளும் சாதாரண ஷேர்டு லைப்ரரி. சி லைப்ரரிகளை அழைக்க உதவும் பைத்தானின் சிடைப்ஸ் அதை நேரடியாக அழைக்கும். மைனஸ் எக்ஸ் கொடுத்தால் தனியே ஓடும் புரோகிராம் வரும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய பிராசஸ் தொடங்க வேண்டும். மாதிரி காட்ட அது போதும், அன்றாடச் சர்வீஸுக்கு வேண்டாம்.

கடன் தவணை கணக்கிடும் ரெக்கார்டை எடுத்துக்கொள்வோம். எக்ஸ் என்றால் எழுத்து, 9 என்றால் இலக்கம், எஸ் என்றால் கூட்டல்-கழித்தல் குறி, வி என்றால் தசமப் புள்ளி வரும் இடம்; அடைப்பில் உள்ளது எண்ணிக்கை. காம்ப் என்பது பைனரி எண், காம்ப்-3 என்பது அரை பைட்டுக்கு ஒரு இலக்கமாக அடுக்குவது. பெயர் எக்ஸ்(30): 30 பைட். கடன் தொகை எஸ்9(9)வி99 காம்ப்-3: 11 இலக்கமும் குறியும் சேர்ந்து 6 பைட். வட்டி 9(2)வி99: 4 பைட், புள்ளிக்கு இடமே கிடையாது, 12.50 என்பது 1250 என்றுதான் போகும். மாதங்கள் 9(3) காம்ப்: 2 பைட். தவணை நாள் 9(2) காம்ப்: 2 பைட். விடையாக வரும் தவணை எஸ்9(7)வி99 காம்ப்-3: 5 பைட். நிலைக் குறியீடு 9(2): 2 பைட். மொத்தம் 51.

இதில் தவணை நாளைக் கவனியுங்கள். குனுகோபோல் தன் இயல்பான அமைப்பில் இரண்டு இலக்க காம்ப் எண்ணுக்கு ஒரே பைட்தான் ஒதுக்கும். ஐபிஎம் கம்பைலர் இரண்டு ஒதுக்கும். ரெக்கார்டு 50 பைட்டாகச் சுருங்கி, அதற்குப் பின்னால் உள்ள எல்லாப் புலங்களும் ஒரு பைட் நகர்ந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, தவணைத் தொகை மட்டும் அபத்தமாக வரும். எஸ்டிடி=ஐபிஎம் என்ற விருப்பத்தோடு கம்பைல் செய்தால் இது சரியாகும். 'லெங்த் ஆஃப்' போட்டு ரெக்கார்டின் நீளத்தைக் காட்டும் சிறு நிரல் ஒன்றை முதலிலேயே எழுதி, பைத்தான் கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பைத்தான் பக்கம் ஸ்ட்ரக்சர் வகுப்பை நம்ப வேண்டாம். அது இடையில் நிரப்பு பைட்டுகளைச் செருகும். 51 பைட்டையும் கையால் அடுக்குங்கள். காம்ப் எண்கள் பிக் எண்டியன் வரிசையில் (மதிப்பு கூடிய பைட் முதலில்) போக வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் காம்ப்-3-இல் 00 05 00 00 00 0சி என்று வரும். கடைசி அரை பைட்டில் சி என்றால் கூட்டல், டி என்றால் கழித்தல். ஜேசனில் வரும் தொகையை ஃபுளோட்டாக (தோராயமான பின்ன எண்) ஒருபோதும் படிக்காதீர்கள், டெசிமலாகப் படியுங்கள். பைசா பிசகினால் கணக்குத் துறையிடம் பதில் சொல்ல முடியாது.

தமிழ்ப் பெயர்களுக்கு எக்ஸ்(30) போதாது. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்; புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படும். 'கிருஷ்ணமூர்த்தி' 15 குறிகள், அதாவது 45 பைட். 30-இல் வெட்டினால் 'கிருஷ்ணமூர' என்று நிற்கும். முன்னால் 'எஸ்.' சேர்த்தாலோ அந்த முற்றுப்புள்ளியின் ஒரு பைட்டால் வெட்டு ஒரு எழுத்தின் நடுவில் விழும். பதிலை டிகோட் செய்யும்போது பைத்தான் பிழை எறியும். புலத்தை நீட்ட முடியாவிட்டால் நீளத்தை வாசலிலேயே பைட்டில் அளந்து 400 (தவறான கோரிக்கை) என்று திருப்பி அனுப்புவதுதான் நேர்மையான வழி.

மாட்யூலை அழைக்கும் முன், குனுகோபோலின் இயக்க லைப்ரரியான லிப்காபின் தொடக்க ஃபங்ஷனை வெப் சர்வரின் ஒவ்வொரு வொர்க்கரும் (கோரிக்கைகளைக் கையாளும் பிராசஸ்) ஃபோர்க் ஆகிப் பிரிந்தபின் ஒருமுறை அழைக்க வேண்டும். லிப்காப் தன் நிலையைப் பொதுவான இடத்தில் வைத்திருப்பதால், ஒரு வொர்க்கருக்கு ஒரே த்ரெட் என்று பைத்தான் வெப் சர்வரான ஜியூனிகார்னில் கட்டுப்படுத்துங்கள். வேகம் வேண்டுமானால் வொர்க்கர்களைக் கூட்டலாம். நிரலில் 'ஸ்டாப் ரன்' இருந்தால் வொர்க்கரே செத்துப்போகும், வாடிக்கையாளருக்கு 502 என்ற சர்வர் பிழை தெரியலாம். அதை, அழைத்த இடத்துக்கே திரும்பும் 'கோபேக்' ஆக்குங்கள்.

இதைவிட ஆபத்தானது, நிரலின் மாறிகள் இருக்கும் வொர்க்கிங்-ஸ்டோரேஜ் பகுதி. வேல்யூ என்று கொடுத்த தொடக்க மதிப்பு முதல் அழைப்பில் மட்டுமே ஏறும். அடுத்த கோரிக்கைக்கு முந்தைய வாடிக்கையாளரின் மிச்சம் அப்படியே கிடக்கும். ஒருவர் கடன் விவரம் இன்னொருவர் திரையில் தெரிய இதுவே போதும். புரோகிராம்-ஐடி வரியில் 'இனிஷியல்' சேர்த்தால் ஒவ்வொரு அழைப்பிலும் புதிதாகத் தொடங்கும்; இல்லையேல் அந்த மாறிகளை, அழைப்புக்கு அழைப்பு புதிதாக உருவாகும் லோக்கல்-ஸ்டோரேஜுக்கு மாற்றுங்கள்.

சோதனையில் மைனஸ் டீபக் என்ற கம்பைல் விருப்பம் எப்போதும் இருக்கட்டும். ஜேசனில் ஒரு எண் விடுபட்டு, புலத்தில் வெற்றிடம் போனால் மெயின்ஃபிரேமில் எஸ்0சி7 என்ற தவறான-எண் பிழையோடு நிரல் விழுந்துவிடக்கூடும். லினக்ஸில் இந்த விருப்பம் இல்லாவிட்டால் சத்தமில்லாமல் ஏதோ ஒரு விடை வந்து நிற்கலாம்.

கையால் ஓட்டும்போது சரியாக ஓடி, லினக்ஸில் சர்வீஸ்களை ஓட்டும் சிஸ்டம்டி வழியே 'மாட்யூல் கிடைக்கவில்லை' என்றால், மாட்யூல்கள் இருக்கும் இடத்தைச் சொல்லும் காப்_லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறி அந்தச் சர்வீஸின் யூனிட் கோப்பில் இல்லை என்று பொருள். உங்கள் ஷெல்லின் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியில் எழுதியது அங்கே எட்டாது. அது சரியாக இருந்தும் கோபோலுக்குள் இருந்து அழைக்கும் துணை மாட்யூல் கிடைக்காவிட்டால், கோப்பின் பெயரில் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பாருங்கள். தரவுக் கோப்பைத் திறக்கையில் 35 (கோப்பு இல்லை) என்ற ஸ்டேட்டஸ் வந்தால் காப்_ஃபைல்_பாத்தையும் அதே யூனிட்டில் சேர்த்துவிடுங்கள்.