தாத்தா மெடலைத் தேய்க்காதீர்கள்
ஆயுத பூஜை வந்தால் போதும், குத்துவிளக்கோடு சேர்த்துத் தாத்தாவின் பட்டாள மெடலையும் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, "இது என்ன மெடல், எவ்வளவு போகும்?" என்று எனக்குப் படம் அனுப்புகிறவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. தயவுசெய்து தேய்க்காதீர்கள்.

முதல் உலகப் போர் வெள்ளி மெடல் (ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரை மேல் ஒரு ஆள், 1914, 1918) என்றால் முகத்தை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கும். தேய்க்கத் தேய்க்க அந்த எழுத்தும் மழுங்கும், அப்புறம் அது யாருடையதோ! அதே மெடல் வெண்கலத்தில் இருந்தால் உடனே போலி என்று தூக்கிப் போடவும் வேண்டாம், தொழிலாளர் படைகளில் போன பலருக்கு வெண்கலத்தில்தான் கொடுத்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் பர்மா போர்முனைக்காகக் கொடுத்த பர்மா ஸ்டார் என்ற மெடல் ஆறு முனை நட்சத்திரம். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்தார்கள், ஆனால் இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் பலவற்றில் பின்பக்கம் பெயர் பொறித்திருக்கும். நம் வீட்டுப் பரணுக்கு அது பெரிய அதிர்ஷ்டம்.

கசகசவென்று ஒட்டும் பிவிசி பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள், உலோகம் பச்சை பிடிக்கும். அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, கூடவே ஈரத்தை உறிஞ்சும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் போதும். ரிப்பன் நைந்திருந்தாலும் மாற்ற வேண்டாம்.

சரி, இனி படம் அனுப்பினால் விளிம்பையும் எடுத்து அனுப்புங்கள். விலை மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.